சீம்பால் கலந்த மாதிரி

கறவை மாட்டின் கருவைக் கலைக்கும் பாக்டீரியாவைப் பாலில் கண்டுபிடிக்க, எங்கள் ஆய்வகத்தில் இரண்டு முறைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். சாயமேற்றிய செத்த பாக்டீரியாவைக் கலந்து, பாலிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்து அதைப் பற்றிக்கொண்டு மேலே நீல வளையமாக எழுகிறதா என்று பார்ப்பது பழைய முறை. பாக்டீரியாவின் மரபணுவையே தேடுவது பி.சி.ஆர். அலங்காநல்லூர் அக்கா ஒருவர் கொடுத்தனுப்பிய பாலில் வளையம் பளிச்சென்று எழுந்தது. பி.சி.ஆரோ ஒன்றுமே இல்லை என்றது. எதைத்தான் நம்புவது? எரிச்சலோடு பஸ் ஏறிப் போய் அவரிடமே கேட்டேன்.

“உங்களுக்குப் போயி வெறும் பாலையா குடுக்குறது? அன்னைக்குத்தான் ஒரு மாடு கன்னு போட்டுச்சு. அந்தச் சீம்பாலையும் கொஞ்சம் கலந்து விட்டேன்” என்றார்.

சீம்பாலில் நோய் எதிர்ப்புச் சத்து ஏராளம். பாக்டீரியா இல்லாமலேயே வளையத்தை எழுப்பிவிடும். ஆனால் கன்றுக்கும் அக்கம்பக்கத்துக்கும் போக மிஞ்சும் கொஞ்சத்தில், முகம் தெரியாத எங்களுக்கும் பங்கு வைத்தவரிடம் எப்படிக் கோபிப்பது? சீம்பால் நின்ற பிறகு மறுபடி மாதிரி கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

சில வாரம் கழித்து அவரே ஆய்வகத்துக்கு வந்தார். அன்று அவர் கொண்டுவந்த பாலில் இரண்டு முறைகளும் பிறகு நோய் இல்லை என்றே சொல்லின. ஆனால் அந்தச் சோதனைக்கெல்லாம் முன்பே, வந்ததும் வாசலில் நின்று பாட்டிலையும் தூக்குவாளியையும் நீட்டியிருந்தார்.

“பாட்டில் மிஷினுக்கு. வாளியில திரட்டுப்பால், உங்களுக்கு. இந்தத் தடவ நீங்க கலந்துராதீங்க!”