தண்ணீருக்கு முன்னால் ஓடியவர்

கிருஷ்ணகிரி அணையில் மதகு திறக்கும் நாளில், கால்வாய்க்கரையைக் காக்கும் லஸ்கர் தண்ணீருக்கு முன்னால் ஓடுவார். அறுபதுகளின் கடைசியில் அங்கே ஓவர்சியராக இருந்த நான், ஒருமுறை சைக்கிளில் அவர் பின்னால் போனேன். ஐம்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு, காக்கி நிக்கர், வெறுங்கால். காய்ந்த கால்வாய்க்குள் ஆடு மேய்த்தவர்களைத் தமிழிலும் தெலுங்கிலும் மேலே ஏறச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

"கேரியர்ல ஏறிக்குங்க," என்றேன்.

"வேணாங்க சார். சைக்கிள்ல போனா கரை எப்பிடி இருக்குதுன்னு காலுக்குத் தெரியாதுங்க."

மூன்றாவது மைலில் சட்டென்று நின்றார். "இங்க நண்டு பறிச்சிருக்குது சார். உள்ள பொந்து."

பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல, வாங்க போலாம்," என்றேன்.

அவர் பக்கத்து வயலில் மண்வெட்டி வாங்கிவந்து இரண்டடி வெட்டினார். குழிக்குள் தெரிந்த பொந்தில் என் கை தோள்வரை போனது. கரை உடைந்திருந்தால் கீழே நாற்றங்கால் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. களிமண்ணைத் திணித்து மிதித்து முடிக்கவும் தண்ணீர் வரவும் சரியாக இருந்தது.

அவர் மறுபடி ஓடத் தொடங்கினார். நான் பூட்ஸைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். மிச்சமிருந்த கரை முழுவதும் என் காலுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது.