வஹீதாவின் ஞாயிற்றுக்கிழமை வேன்

உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி எந்தக் காரணமும் சொல்லாமல், "சும்மா நாலு ஊரைப் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பினால் விடுவீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். கோயிலுக்கா, தர்காவுக்கா, கல்யாணத்துக்கா, ஆஸ்பத்திரிக்கா என்று ஒரு வார்த்தை கேட்காமல் விடுவீர்களா?

திருச்சி பெரிய கடை வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வஹீதாவை அப்படி யாரும் விட்டதில்லை. கல்யாணமான புதிதில் கணவர் கலீம் ஷார்ஜாவில் இருந்தார். மாமியார் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது மலைக்கோட்டை தெரியும். அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கப்பால் ஸ்ரீரங்கத்துக் கோபுரம். வஹீதாவின் உலகம் அங்கே முடிந்தது. ஒவ்வொரு லீவிலும் கலீம், "அடுத்த தடவை ஊட்டி" என்பார். அடுத்த தடவை தங்கை கல்யாணம் வரும், இல்லாவிட்டால் அத்தாவுக்கு ஆபரேஷன் வரும். ஒருவழியாக அவர் ஊரோடு வந்து சேர்ந்தபோது ஊட்டிக்கு வைத்திருந்தது எல்லாம் கண்ணாடிக் கடையாகிவிட்டது.

கடைக்கு வருகிறவர்கள் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பழையதை மேசையிலேயே விட்டுப் போவார்கள். அவை இழுப்பறையை நிறைத்து, அட்டைப் பெட்டியையும் நிறைத்தன. தூக்கிப் போடச் சொன்ன கலீமிடம் ஒருநாள் வஹீதா கேட்டார்.

"இதையெல்லாம் தொடச்சு, பவர் பாத்து, கிராமத்துப் பக்கம் கொண்டு போய்க் குடுத்தா என்னங்க?"

"நல்ல காரியம்தான். சவாப் கிடைக்கும். போயிட்டு வா."

மாமியாரும் மறுக்கவில்லை. ஊர் பார்க்கப் போகிறேன் என்றால் திறக்காத கதவு, தர்மம் செய்யப் போகிறேன் என்றதும் திறந்துகொண்டது. சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் பெண்ணின் கால் வாசல்படி தாண்ட வேண்டுமென்றால் அதற்கு ஒரு புண்ணியக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிற நாட்டில் வேறு என்ன செய்வது?

இப்படித்தான் அந்த வேன் புறப்பட்டது. மாதம் ஒரு ஞாயிறு. ஏறுகிற பெண்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பள்ளிக்கூடத் தோழி ஆனந்தவள்ளி திருவெறும்பூரில் இருந்து வருவார். கணவருக்குத் தொழிற்சாலை வேலை, இவருக்குக் குவார்ட்டர்ஸ் சுவர்களை விட்டு வெளியே வர ஒரு சாக்கு. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து வேதவல்லி மாமி வருவார். ஓய்வு பெற்ற டீச்சர், கடையின் பழைய வாடிக்கையாளர், கையில் சொந்தக் கூஜா. இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். மேலப்புதூர் ஜூட் ஓட்டுவார்.

அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது வஹீதாவின் குரல் இன்றைக்கும் இளகிப் போகும். வண்டி டவுனைத் தாண்டுமுன்பே பொட்டலங்கள் பிரிந்துவிடும். ஒருபக்கம் எண்ணெயில் ஊறிய மிளகாய்ப்பொடி இட்லி, இன்னொரு பக்கம் வஹீதா செய்துகொண்டு வந்த கறி சம்சா.

"என்னடி அது, வாசனையே ஆளைத் தூக்கறது?" என்பார் மாமி.

"உங்களுக்கு வேணாம் மாமி. அப்புறம் ரெங்கநாதர் என்னைக் கேப்பாரு."

"அவர் படுத்துண்டுதானே இருக்கார். எழுந்து வந்தா கேக்கப் போறார்?"

வேனே குலுங்கும். மாமி சம்சாவைத் தொட மாட்டார், சிரிப்பில் மட்டும் குறை வைக்க மாட்டார்.

முதல் பயணம் பச்சைமலை அடிவாரத்துக்கு. கண்ணாடி கொடுத்து முடித்தது சீக்கிரம். மீதிப் பொழுது முழுக்க ஓடையில். புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்ற ஆனந்தவள்ளி, "உனக்கு சவாப், எனக்குத் தண்ணி" என்று வஹீதாவின் முகத்தில் அள்ளி இறைத்தார். முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஓடும் தண்ணீரில் நின்ற வஹீதாவுக்கு அழுகை வந்தது. தண்ணீர் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாக்காகத் தொடங்கியது மெல்ல மெல்ல வேலையாயிற்று. நாற்பது தாண்டியவர்களுக்கு வருகிற வெள்ளெழுத்துத்தான் பெரும்பாலும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் எழுத்து அட்டையைக் காட்டி என்ன பயன்? வஹீதா முறத்தில் அரிசியைப் பரப்பி அதில் கற்களைக் கலந்து நீட்டுவார். ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிப் பார்க்க வேண்டும், எதைப் போட்டால் விரல் தயங்காமல் கல்லைத் தேடிப் போகிறதோ அதுதான் அவர்களுடையது. புரை விழுந்தவர்களைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வயலூர், வையம்பட்டி, துறையூர்ப் பக்கம் என்று வேன் போகாத திசை இல்லை.

மருங்காபுரியைத் தாண்டி ஒரு கிராமம். பெயர் வேண்டாம். உங்கள் ஊராகவும் இருக்கலாம். ஊர்ப் பெரியவர் காத்தமுத்து மைக் கட்டி அறிவித்து, கோயில் மண்டபத்தில் மேசை போட்டு, நுங்கு வெட்டிக் கொடுத்து உபசரித்தார். பெட்டி மதியத்துக்குள் காலியானது. எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் வண்டி சூடேறி நின்றது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் சில வீடுகள் தெரிந்தன. தண்ணீர் கேட்கப் போன ஜூட்டோடு வஹீதாவும் நடந்தார். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பெண், குடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வஹீதாவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் பெயர் இருளாயி.

"கண்ணாடி குடுக்குறது நீங்கதானா, பாயம்மா? மைக்குல கத்துனது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சுல்ல? அப்புறம் ஏம்மா வரல?"

இருளாயி சிரித்துவிட்டார். "கோயில் மண்டபத்துல மேசையப் போட்டுட்டு ஏன் வரலன்னு கேக்குறீங்க. நல்லாருக்கு."

வஹீதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வாயில் நுங்கின் இனிப்புக் கசந்தது. முஸ்லிம் பெண்ணுக்கு நாற்காலி போட்டு உபசரித்த மண்டபம் அது. அந்தச் சாமியையே கும்பிடுகிற இருளாயிக்கு அதன் படியில் கால் வைக்க இடமில்லை. எத்தனை ஊர்களில், எத்தனை மண்டபங்களில், கூப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்! ஒரு தடவையாவது யார் வரவில்லை என்று பார்த்தோமா?

"களை எடுக்கப் போனா கடலைச் செடியப் புடுங்கிடுறேன், பாயம்மா. கண்ணு மங்குது. ரெண்டு தடவ திட்டு வாங்கியாச்சு. இப்ப வேலைக்கே கூப்புடுறதில்ல."

பெட்டியில் ஒன்றுமில்லை. "அடுத்த மாசம் வரேன்" என்றார் வஹீதா. "இங்கயே மேசை போடுறேன்."

வேனில் இதைச் சொன்னபோது பாட்டு நின்றது. அடுத்த பயணம் கொல்லிமலைக்கு என்று எல்லோரும் ஆசையோடு இருந்தார்கள்.

"நாம ஊர் பாக்க வந்தவங்க வஹீதா. ஊரைத் திருத்த வரல" என்றார் ஆனந்தவள்ளி. "இதுல தலையிட்டா எங்க வீட்டுல அடுத்த மாசமே அனுப்ப மாட்டாங்க. உன்னையும்தான் அனுப்ப மாட்டாங்க. வேனே நின்னு போயிரும். உனக்கு இருக்குறது இந்த ஒரு ஞாயித்துக்கிழமதான், அதையும் இழக்கணுமா?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பங்கு போட ஆள் இல்லையென்றால் வேன் இல்லை. வேன் இல்லையென்றால் மறுபடி மொட்டை மாடிதான்.

இடையில் ஒருநாள் காத்தமுத்து போன் செய்தார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது.

"பெட்டிய என்கிட்ட குடுத்துருங்கம்மா. அவங்களுக்கு நானே குடுத்து அனுப்புறேன். மேசை மட்டும் மண்டபத்துலயே இருக்கட்டும்."

"செருப்பே அளவு பாத்துத்தாண்ணே வாங்குறோம். கண்ணாடிய ஆளோட கண்ணுல மாட்டிப் பாக்காம எப்படிண்ணே குடுக்குறது?"

"அங்க போட்டீங்கன்னா ஊரு வராது. சொல்லிட்டேன்."

"வேப்பமரத்தடிக்குக் கதவு இல்லண்ணே. வரணும்னு நெனச்சா யாரும் வரலாம்."

வஹீதா போனை வைத்தார். கலீம் கல்லாவில் இருந்தபடியே, "சவாப்புன்னு சொல்லி அனுப்புனேன். இப்படி ஆவும்னு நெனைக்கல" என்றார். பிறகு அவரே, "போயிட்டு வா" என்றார்.

அந்த ஞாயிறு வேனில் பாதி இருக்கைகள் காலி. ஆனந்தவள்ளி ஏறும் நிறுத்தத்தில் ஜூட் வண்டியை நிறுத்தி வெகுநேரம் காத்திருந்தார். தோழி வரவில்லை. வேதவல்லி மாமி வந்தார்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். முதல் முறம் இருளாயிக்கு. மூன்றாவது கண்ணாடியில் அவர் விரல் நேராகக் கல்லில் போய் நின்றது. பொறுக்கிய கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இம்புட்டுக் கல்லோடயா இத்தன நாளு சோறாக்கிப் போட்டேன்? ஒரு பயலும் சொல்லலையே" என்றதும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

டீ வந்தது. மாமி கூஜாவைத் தொட்டுக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஏன் ஐயரம்மா, எங்க டீ இனிக்காதா?" என்றார் இருளாயி.

"பொய் சொல்ல மாட்டேன்டியம்மா. பழக்கமில்லை. தொண்டைல இறங்காது."

"டீ எறங்காட்டிப் போவுது. இந்தக் கண்ணாடிதான் எறங்கி எறங்கி வருது. அதையாவது நிறுத்துங்க."

மாமி எழுந்து வந்தார். இருளாயியின் காதுக்குப் பின்னால் இரண்டு விரலை விட்டு, கம்பியை மெல்ல வளைத்து, மூக்கில் பதித்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி வளைத்தார். அன்று பொழுது சாயும்வரை அத்தனை பேருக்கும் அவர்தான் கம்பி வளைத்தார். டீ மட்டும் குடிக்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் குடிக்கவில்லை. அதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால் ஓடையில் கால் நனைக்க மட்டும் வந்தவர்கள் வீட்டில் இருந்துகொண்ட அந்த ஞாயிறு அவர் வந்தார் என்பதும் உண்மை.

ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. கரைமேல் சிலர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மறுவருடம் நாலைந்து பெண்கள் முக்காடிட்டுக்கொண்டு கரையைச் சுற்றி வந்தார்கள். இருளாயி அவர்களுக்கும் முறத்தை நீட்டினார். "கல்லு எல்லாருக்கும் ஒரே கல்லுதான், பாத்துப் பொறுக்குங்க" என்றார். காத்தமுத்து கடைசிவரை வரவில்லை.

ஆனந்தவள்ளி சொன்னது போலவே பெரிய வேன் நின்று போனது. ஜூட் ஒரு பழைய ஆம்னியை ஏற்பாடு செய்தார். வஹீதா, மாமி, எப்போதாவது வேறு ஒருத்தர். பாட்டுப் பாட ஆள் போதாது. அருவிகள் பயணத்திலிருந்து விழுந்துவிட்டன. எந்த ஊருக்குப் போனாலும் மேசை கடைசித் தெருவில்தான் என்று ஆகிவிட்டதால் பல ஊர்களில் வரவேற்பும் இல்லை, நுங்கும் இல்லை.

இப்போது கலீம் இல்லை. மாமி மகனோடு பெங்களூர் போய்விட்டார். வஹீதாவுக்கு முழங்கால் வலி. ஆம்னியின் படியில் ஏற ஜூட் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. காசியில் இருந்தும் கொடைக்கானலில் இருந்தும் ஆனந்தவள்ளி வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். வஹீதா ஒவ்வொன்றையும் விரலால் விரித்துப் பார்க்கிறார். பின்னால் தெரிகிற மலையைப் பார்ப்பதில்லை, தோழியின் முகத்தைத்தான் பார்க்கிறார். "அவ இருந்தப்ப அந்த வேன்ல உக்காந்து அழுவலாம், சிரிக்கலாம். அந்தச் சத்தம் அப்புறம் எந்த வண்டியிலயும் வரல" என்கிறார். வருத்தம் உண்டா என்றால் உண்டு என்கிறார். மேசையை மறுபடி மண்டபத்தில் போடுவீர்களா என்றால் பெட்டியிலிருந்து அடுத்த கண்ணாடியை எடுத்துத் துடைக்கிறார்.

ஊட்டியை அவர் இன்னும் பார்க்கவில்லை.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். இனியும் போவீர்கள். போகிற இடத்தில் நோட்டுப் புத்தகமோ போர்வையோ மருந்தோ கொடுக்கும் நல்ல மனமும் உங்களுக்கு இருக்கும். ஒரே ஒரு வேலை செய்யுங்கள். மாலை போட்டு வரவேற்கிறவர் காட்டும் இடத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். "இந்த இடத்துக்கு யாரால் வர முடியாது?" என்று அவரிடமே கேளுங்கள். அப்படி யாரும் இல்லை என்பார். நம்பாதீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர்கள் இருக்கும் தெருவைக் கண்டுபிடிக்கும்வரை நடங்கள்.