பக்கத்து வீட்டு நீலச் சுடர்

1983ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு எனக்குள் பொறாமை மூண்டது. மண்ணூரில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தா, தொட்டியில் புளித்த மாட்டுச் சாணத்திலிருந்து வரும் வாயுவில் அடுப்பைப் பற்றவைத்தாள். புகையில்லாத நீலச் சுடர். என் கூந்தலில் எப்போதும் விறகுப் புகை நாற்றம் வீசும். கல்லூரி வகுப்பில் அவளருகே அமரவே கூசுவேன்.

“இன்னாடி, மூஞ்சி தொங்குது?”

“சாண நாத்தம்,” என்றேன். அது பொய்.

வசந்தா சிரித்தாள். “எங்க ரெண்டு மாட்டுச் சாணம் பத்தலடி, சாயங்காலமே அணைஞ்சிடுது. உங்க மாட்டுதையும் கொட்டினா உங்க வூட்டுக்கும் குழாய் இழுக்கலாம்னு அப்பா சொல்றாரு.”

வீட்டுக்குத் திரும்பினேன். அவள் தயவில் எரியும் அடுப்பு எனக்கு எதற்கு என்று அன்று முழுவதும் மனம் குமைந்தது.

மறுநாள் காலை விறகடுப்பை ஊதி ஊதிக் கண் எரிந்ததும், வரட்டிக்கென அம்மா குவித்திருந்த சாணத்தைக் கூடையில் சுமந்துபோய், பொறாமை குறையாமலே அவர்கள் தொட்டியில் கொட்டினேன்.