வித்தியாசமா இருக்கு

என் ஓரகத்தி வெர்னா ஹாகன் நாற்பது வருஷமாக ஒரே அடுக்குச் சமையலைத்தான் செய்கிறாள். அடியில் மாட்டுக் கொத்துக்கறி, அதன் மேல் பீன்ஸ், டப்பாவிலிருந்து கவிழ்த்த காளான் சூப், உச்சியில் கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு உருண்டைகள். மீதியை ஓவன் பார்த்துக்கொள்ளும். கத்திக்கு வேலையே இல்லை. ஆனால் மினசோட்டாவிலேயே தனக்கு மட்டும்தான் சமைக்கத் தெரியும் என்கிற நினைப்பு.

அடுத்தவர் சமைத்ததை ஒரு வாய் தின்றுவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்பாள். எங்கள் ஊரில் அதற்கு நாய்கூடத் தொடாது என்று அர்த்தம். முகத்துக்கு நேரே திட்டும் பழக்கம் எங்களுக்கு இல்லை. டெக்சாஸிலிருந்து வந்த அவள் மருமகள் மரிசோல் எதைச் சமைத்தாலும் மூன்று வருஷமாக இதே வார்த்தைதான். அவளும் சிரித்தபடி, "தேங்க்ஸ் அத்தை" என்பாள். வெர்னா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வெர்னாவின் சமையல். மரிசோல் ஒரு வாய் தின்றாள்.

"ரொம்ப வித்தியாசமா இருக்கு அத்தை."

வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. மகன் பதறிப்போய், "அவளுக்கு நம்ம ஊர்ப் பேச்சு புரியாதும்மா" என்றான்.

"வந்த முதல் வாரமே புரிஞ்சிடுச்சு" என்றாள் மரிசோல்.