உள்ளங்கைச் சீனி

கட்டாரில் வேலை செய்யும் தங்கையின் புருஷன் இரண்டு வருடம் கழித்து நேற்று வந்திருந்தான். அவர்களின் ஆறு வயது மகள் கதிரைக்குக் கதிரை பாய்ந்துகொண்டிருந்தாள். தங்கை அவள் கையிலிருந்த டொபியைப் பறித்தாள்.

"பாருங்க அண்ணன், சீனி உள்ள போனா இவளுக்குப் பேய் புடிக்குது!"

எனக்குக் கோபம் வந்தது. இதே கதையை அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவன் நான்.

அப்பா நெல்லுக்குக் காவலாக வட்டை வயலிலேயே தங்குவார். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது சீனி கொண்டுவருவார். அன்று மட்டும் அம்மா எங்கள் உள்ளங்கையில் சீனி வைப்பாள். அதை நக்கி நக்கி வெறுந் தேத்தண்ணீர் குடிப்போம். பிறகு நான் முற்றமெல்லாம் குதிப்பேன். ஒருநாள் தண்ணீர்க் குடத்தை உடைத்துவிட்டேன்.

"சீனி திண்ட கொழுப்பு! இனி உனக்கு ஒரு பொட்டும் இல்ல" என்றாள் அம்மா.

அடுத்த முறை அப்பா வந்தபோது தங்கை மூலையில் அமைதியாக இருந்து சீனி நக்கினாள். நான் சீனியில்லாத தேத்தண்ணீரின் கசப்பை அப்படியே விழுங்கிவிட்டு, அப்பாவின் முதுகில் ஏறி முன்பைவிட மோசமாக ஆடினேன். களவாகத் தின்றிருப்பேன் என்று அம்மா என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். பிசுபிசுப்பே இல்லை. அப்போதும் அவளுக்கு விளங்கவில்லை.

இப்போது தங்கையைப் பார்த்துச் சொன்னேன்: "சீனி திண்ட நீ அண்டைக்குச் சும்மாதானே இருந்த? திண்ணாத நான்தான் ஆடினன். மடைச்சி, டொபியக் குடு."

வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் அதைத் தின்னவில்லை. ஓடிப்போய் தன் அப்பாவின் வாயில் திணித்துவிட்டு, மறுபடியும் கதிரையில் ஏறினாள்.