விரல் இல்லாத படம்

தெருவில் அவருக்குக் கட்டைவிரல் அக்கா என்று பெயர். பிறர் பொருளை வாங்கி வைத்து, இணைய ஏலத்தில் விற்றுக் கொடுத்து, கமிஷன் எடுத்துக்கொள்வது தொழில். படம் எடுக்கும்போது கீறல், ஓட்டை, ஒடிசல் எதுவானாலும் பக்கத்தில் தன் கட்டைவிரலை வைத்துத்தான் எடுப்பார். குறையும் தெரியும், அதன் அளவும் தெரியும்.

பஸ் டிரைவர் ஒருவர் தன் சித்தப்பாவின் அக்கார்டியனை, தோளில் மாட்டி இழுத்து வாசிக்கும் காற்று வாத்தியத்தை, அவரிடம் கொடுத்திருந்தார். இதற்கு முன் வேறொரு நிறுவனத்தை நம்பித் தன் கேமராவைக் கொடுத்தவர். கேமராவும் போனது, நிறுவனமும் போனது. அதனால் டியூட்டி முடிந்ததும் தினமும் வந்து அக்கார்டியனைப் பார்த்துவிட்டுப் போவார்.

"என்னண்ணே, பேஷண்ட்டப் பாக்க வந்தீங்களா?"

"மூச்சு வருதான்னு பாக்கணும்ல. வாசிக்கத் தெரிஞ்சவங்க கைக்குப் போகணும்மா. எங்கிட்ட ஊமையா கெடக்கு."

ஏலத்தில் எடுத்தது, அக்காவிடம் முன்பே பொருள் வாங்கியிருந்த ஒரு பாட்டு டீச்சர். ஏலம் முடிந்தது. பெட்டியில் வைக்க எடுத்தபோது அக்காவின் கை நின்றது. இடது ஓரத்தில் விரிசல். ஏலப் பக்கத்தில் அதே ஓரம் கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அக்கா பல்வலியோடு டாக்டரிடம் போன அன்று, அவர் எடுத்து வைத்திருந்த படத்தை ஏற்றியவர் வீட்டுக்காரர். புதிதாக ஒரு ஆப் கிடைத்திருந்தது. கல்யாணப் போட்டோவில் தன் தொப்பையை அழித்ததிலிருந்து அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"விரிசல் எங்க?"

"அழிச்சுட்டேன். உன் விரலும் குறுக்க நின்னுச்சு, அதையும் தூக்கிட்டேன்."

"நம்ம பேரையும் சேர்த்துத் தூக்கிட்டீங்க."

அன்றும் பார்க்க வந்திருந்த டிரைவருக்கு முகம் வாடியது. "சொல்லித்தான் ஆகணுமா? வேணாம்னுட்டா?"

"வேணாம்னா உங்க பொருள் உங்க வீட்டுக்கு வரும். சொல்லாம அனுப்ப மாட்டேன்."

அக்கா டீச்சரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "டீச்சர், இடது பக்கம் ஒரு விரிசல் இருக்கு. படத்துல வரல. எங்க தப்பு."

மறுமுனையில் டீச்சர் கேட்டார், "எவ்வளவு நீளம்?"

"என் கட்டைவிரல் அளவு."

ஃபோனில் சிரிப்பு வெடித்தது. "அப்பாடா, நீங்கதானா! படத்துல விரலக் காணோமா, யாரோ உங்க பேர்ல கடை போட்டுட்டாங்கன்னு நெனச்சுப் பணத்தக் கட்டாம வச்சிருக்கேன். அது கெடக்கட்டும், காத்து ஒழுகுதா?"

டிரைவர் அக்கார்டியனைத் தூக்கி, இருந்த பலமெல்லாம் சேர்த்து இழுத்தார். எருமை கனைத்த மாதிரி ஒரு சத்தம் அறையெல்லாம் நிரம்பியது.

"நல்லாவே மூச்சு விடுது," என்றார் டீச்சர். "விரலோட ஒரு படம் அனுப்புங்க, இப்பவே கட்டிடறேன்."

இந்த முறை வீட்டுக்காரர்தான் படம் எடுத்தார். எடுத்த கையோடு ஃபோனை அக்கா பிடுங்கிக்கொண்டார். படம் போன மறுநிமிடம் டீச்சரிடமிருந்து கேள்வி வந்தது: "ரெண்டு விரல் இருக்கே, இன்னொண்ணு யாருது?"

"பேஷண்ட்டோட சொந்தக்காரர்," என்று அக்கா பதில் அனுப்பினார். "டிஸ்சார்ஜ் பண்ண வந்திருக்காரு."