ஒருவரும் இறைக்காத தண்ணீர்

தமிழ்ப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பியோன் வந்து ரீச்சரிடம் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்தார். ரீச்சர் அதை வாசித்துவிட்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு, "பிள்ளையள், தவமலர் விடியப்புறம் காய்ச்சலிலை மோசம் போயிட்டாவாம்" என்றார். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாட்களுக்கு முன் மானிப்பாயில் அவளுடைய வீட்டில் பார்த்தபோது, "திங்கள் வருவன். என்ரை இடத்திலை ஒருத்தரையும் இருக்க விடாதை" என்று சொல்லியிருந்தாள். சொன்னதை அவள் செய்யாமல் விட்டது அதுதான் முதல் தடவை.

வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகைக்கு அஞ்சலி எழுதும் வேலையை என்னிடம் தந்தீர்கள். 'அடக்கமும் பணிவும் உள்ளவர்' என்று ஒரு பக்கம் எழுதினேன். அது தவத்தைப் பற்றியது அல்ல. தவத்துக்கு அடக்கமும் இல்லை, பணிவும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, கைவிளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அம்மா இருமும்போதெல்லாம் விளக்கை ஊதி அணைக்கிறேன். நெருப்புக் குச்சிகள் முடிவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

பூமணியை உங்களுக்குத் தெரியும். போன வருடம் வரை எங்கள் விடுதியில் இருந்து படித்தவள். படிப்பை நிறுத்திக்கொண்டு, வன்னியில் மாங்குளத்துக்கு உள்ளே, காட்டோரத்தில் இருக்கும் தன் ஊருக்குப் போய்விட்டாள். தங்கள் காட்டில் ஓர் அருவி விழுகிறது என்று அவள் கடிதம் எழுதினாள். தவம் அதை வகுப்பில் உரத்து வாசித்தாள். "வன்னியிலை அருவியோ? வாய்க்கால் வரம்பு உடைஞ்சிருக்கும்" என்று வசந்தி சொல்ல எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தவம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "நான் போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுறன். அதுக்குப் பிறகு சிரியுங்கோ" என்றாள். அன்றே அவள் வாயை நான் பொத்தியிருக்க வேண்டும்.

சிவராத்திரிக்கு வசந்தியின் பெரியம்மா உங்களைக் கீரிமலைக்குக் கூட்டிப் போனார். இரவு முழுவதும் கோயிலில் விழித்திருப்பதால், ஒரு பெண்பிள்ளை வீட்டில் இல்லாவிட்டாலும் ஒருவரும் தேடாத ஒரே இரவு அது. அதைக் கண்டுபிடித்தவள் தவம். காலையிலேயே வசந்தி வீட்டில் கூடுகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொன்னோம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் படம் பார்க்கப் போகிறோம் என்று நீங்கள் நினைத்தீர்கள். பெரியம்மா கேட்டபோதெல்லாம், "அவை கேணிப் பக்கம் நிக்கினம்" என்று சொல்லி எங்களைக் காப்பாற்றினீர்கள். நாங்கள் படத்துக்குப் போகவில்லை. கொக்குவிலில் கோச்சி ஏறி மாங்குளத்தில் இறங்கினோம்.

பூமணியின் ஐயா மாட்டு வண்டியோடு ஸ்ரேசனில் நின்றார். எங்கள் வீடுகளில் அனுமதி தந்துதான் அனுப்பினார்கள் என்று அவரும் பூமணியும் நம்பினார்கள். பாதையெல்லாம் சேறு. சில்லு இரண்டு தடவை புதைந்தது. முட்கொப்பு என் பாவாடையைக் கிழித்தது. நான் பொய் சொல்லி வந்தவளாக இருந்தாலும் விரதத்தை விடவில்லை. பூமணி வீட்டில் சோறும் தேனும் வைத்தபோது வேண்டாம் என்றேன். தவம் வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள்:

"சிவன் உன்னைக் கீரிமலையிலை தேடிக்கொண்டு நிப்பார். இஞ்சை ஆர் பாக்கப்போகினம்? தின்னடி."

"பாவம் உனக்குத்தான்."

"ஓம், எனக்குத்தான். உன்ரை பங்குத் தேனையும் தா."

அதற்கு மேல் வண்டி போகவில்லை. நடந்தோம். அருவி, அருவி என்று நாள் முழுவதும் கேட்டதில், வானத்திலிருந்து வெள்ளம் கொட்டும் என்று நினைத்துவிட்டேன். கடைசியில் பூமணி கொடியை விலக்கிக் காட்டினாள். ஒரு கறுத்தப் பாறை. எங்கள் வகுப்பறைச் சுவரை விட உயரம் இல்லை. அதன் மேலிருந்து, குடத்தைச் சரித்தால் வரும் அளவு தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மழை விட்டு நாளாகிவிட்டது, மார்கழியில் வந்திருக்க வேண்டும் என்று பூமணி மெல்லச் சொன்னாள். பசியில் எனக்குக் கண் இருண்டது.

"இதுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ? எங்கடை தோட்டத்துக் கிணத்துத் துலாவிலை இதைவிடத் தண்ணி வரும்" என்றேன்.

தவம் சட்டையோடு போய் அதற்குக் கீழே நின்றாள். தலையை நிமிர்த்தி வாயைத் திறந்து குடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "துலாவிலை வாற தண்ணியை ஆரோ ஒராள் இறைக்க வேணும். இதை ஒருத்தரும் இறைக்கேல்லை. ராவிலையும் தன்ரை பாட்டிலை விழுந்துகொண்டிருக்கும். யோசிச்சுப் பார்" என்றாள்.

விடிய முன் எழும்பித் தோட்டத்துக்கு இறைத்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கு வருவாள். அவளுடைய ஐயாவுக்கு இடுப்பு வருத்தம். உள்ளங்கையில் கயிற்றுக் காய்ப்பு இருந்தது உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. "வா, போவம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என்னாலேயே அவள் விரைவாக வெளியே வந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் நிற்க விட்டிருக்கலாம்.

விடியப்புறம் வரும் மெயில் கோச்சிக்காக, பொழுதுபடும்போதே ஸ்ரேசனுக்கு வந்துவிட்டோம். பூமணியின் ஐயா வண்டிக்குக் கீழே படுத்தார். வாங்குப் பலகையில் நாங்கள் இரண்டு பேர். தவம் கொண்டு வந்த ஒரு போர்வைதான் எங்களிடம் இருந்தது. நுளம்பு காதடியில் ரீங்கரித்து மொய்த்தது. நான் அழத் தொடங்கினேன். தவம் போர்வையை என் தலை முதல் கால் வரை சுற்றிவிட்டு, "உனக்கு நுளம்பு குத்தினால் ஊருக்கே கேக்கும். எனக்குக் குத்தினால் எனக்கு மட்டும்தான்" என்றாள். அவளுடைய சட்டை அப்போதும் காயவில்லை. நான் போர்வைக்குள் நித்திரையானேன். அவள் கைகளை மாறி மாறித் தட்டும் சத்தம் நித்திரையிலும் கேட்டது.

கொக்குவிலில் இறங்கியதும் ஸ்ரேசனுக்குப் பின்னால் இருந்த கிணற்றில் ஒரு வாளி அள்ளி எங்கள் தலைகளில் ஊற்றினாள். கீரிமலைக் கேணியில் முழுகியது போல் இருக்க வேண்டுமாம். திருநீறும் கொண்டு வந்திருந்தாள். அவளை வீட்டில் விடப் போனபோது அவளுடைய அம்மா, நான் மாமி என்று கூப்பிடுகிறவர், எங்கள் ஈரத்தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் தவத்துக்குக் காய்ச்சல் தொடங்கியது. நடுங்கிப் போர்த்திக்கொள்வாள், பிறகு வியர்த்து எழும்பி இருந்து பகிடி விடுவாள். நெருப்புக்காய்ச்சல், ரைபோயிட் என்று மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வந்த டொக்டர் அவளுடைய கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவ வன்னிப் பக்கம் எங்கையும் போனவவோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. கீரிமலைக்குத்தான் போனது. ஈரத்தலையோடை வந்ததுதான் இவ்வளவுக்கும்" என்றார் மாமி.

நான் கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலில் இருந்தேன். தவம் போர்வைக்குள்ளால் என் கையை நுள்ளினாள். சொல்லாதே என்று அர்த்தம். டொக்டர் என்னையும் பார்த்தார். நான் கஞ்சியைக் கலக்கினேன். அவர் ஏன் அதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் தெரியும். முழுவதும் தெரியாது. அவ்வளவுதான் என்னால் உண்மையாக எழுத முடிகிறது.

செத்த வீடு முடிந்து எட்டாம் நாள் பூமணியின் கடிதம் வந்தது. 'இங்கே வீட்டுக்கு வீடு மலேரியா. நீங்கள் இரண்டு பேரும் சுகம்தானே? காய்ச்சல் வந்தால் உடனே இரத்தம் சோதித்துக் குளிசை போடுங்கள். தவத்தை அடுத்த மார்கழிக்கு வரச் சொல். அப்போதுதான் அருவி அருவியாக இருக்கும்.' அந்தக் கடிதத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. இரண்டு கிழமை முந்தி வந்திருக்கக் கூடாதா என்று அந்தத் தாளோடு சண்டை பிடித்தேன். நுள்ளியதற்காகத் தவத்தோடு சண்டை பிடித்தேன். வன்னிக்குப் போனது வீட்டுக்குத் தெரிவது, உயிரை விடப் பெரிய விசயமா?

மாமி இப்போது ஒருவரோடும் கதைப்பதில்லை. "நான்தான் என்ரை பிள்ளையை ராவிலை கேணிக்கு அனுப்பினன்" என்பதை மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார். நாளை முப்பத்தோராம் நாள். கீரிமலையில் அந்தியேட்டிச் சடங்கு. நேற்று மாமி என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, சிவராத்திரி அண்டு அவள் விழிச்சிருந்த இடத்தை எனக்குக் காட்டு. அதிலை கொஞ்ச நேரம் இருந்திட்டு வரவேணும்" என்றார்.

"ஓம் மாமி" என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இதை வாசிக்கும்போது நாளை கடந்திருக்கும். என்னைப் பள்ளிக்கு அனுப்புவார்களோ தெரியாது. பெரியம்மாவுக்குப் பொய் சொன்னதற்காக உங்களுக்கும் ஏச்சு விழும். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். கீரிமலையில் ஒரு படியைக் காட்டி, இதுதான் மாமி என்று சொல்ல எனக்கு ஏலாது.

தவத்தினுடையதாக என்னிடம் இருப்பது அந்தப் போர்வை. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். தோய்க்கவும் இல்லை. ஓரத்தில் மாங்குளத்துச் சேறு காய்ந்திருக்கிறது. நாளை அதைக் கொண்டு போவேன். மாமி இடம் எது என்று கேட்கும்போது, படியில் அதை விரித்து அவரை இருக்க வைத்து, பக்கத்தில் நானும் இருந்து சொல்லப் போகிறேன்:

"மாமி, தவம் இஞ்சை வரேல்லை."